யாழ் மீண்டது; கை மீள்க!

கோடு வளைத்து, பத்தர் குடைந்து, தோல் போர்த்து, நரம்பு கட்டி நிறுத்திவிட்டால் அது யாழாகிவிடுமா? ஆகாது. அது யாழின் உடல் மட்டுமே. அவ்வுடலுள் இசையுயிர் புகுவது கையின் வழியாகத்தான். எந்த விரல் எந்த நரம்பைத் தொட்டது, அகத்திருந்து தெறித்ததா புறத்திருந்து தெறித்ததா, ஒலித்த நரம்பை எப்பொழுது அடக்கிற்று, ஒரு கையே இசைத்ததா இரு கையும் இசைத்தனவா என்பனவற்றை அறியாமலே யாழ் மீண்டுவிட்டது என்று முழங்குவது, ஏட்டுக்கு உறையிட்டு வைத்துவிட்டு நூலைக் கற்றுவிட்டதாகச் சொல்லிக்கொள்வதை ஒக்கும்.

அண்மை ஆண்டுகளில் தமிழகத்தில் ஒரு நற்செயல் நிகழ்ந்து வருகின்றது. பல நூற்றாண்டுகளாகப் பாட்டிலும் உரையிலும் கற்படிமத்திலும் மட்டுமே வாழ்ந்த யாழை இளைஞர் சிலர் மீண்டும் மரத்திற் கடைந்து, நரம்பேற்றி, அரங்கிலும் ஒலிக்கச் செய்துள்ளனர். அவர்தம் உழைப்பு பாராட்டுக்கு உரியது. யாழ் என்பது வெறுங்கதை என்று எள்ளி நகையாடினோர் வாயை அவர்தம் கைத்திறன் அடைத்துவிட்டது. அவ்வளவிற்கு மகிழ்க. ஆனால் மகிழ்ச்சியோடு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஏனெனில் இப்பொழுதுதான் மெய்யான இடர் தொடங்குகின்றது.

பழகிய கை தான் பழகிய வழியிலேயே செல்லும்; அது கையின் இயல்பு. கித்தார் பழகியவன் யாழை மடியில் வைத்தாலும் வலக்கை விரல்கள் கித்தார் நடையையே நடக்கும். மேலை நாட்டுப் பெருயாழ் பழகியவன் அதன் அடுக்கொலிகளையே இதிலும் தேடுவான். வீணை பழகியவனோ ஒரே நரம்பில் வளைவும் குழைவும் காட்ட முனைந்து நரம்பை அழுத்திப் பார்ப்பான். மூவரும் நல்ல இசைஞராய் இருத்தல் கூடும். மூவர் இசையும் இனிதாய் இருத்தலும் கூடும். ஆயினும் கேட்பவன் செவியில் விழுவது யாழன்று; யாழின் உடலிற் புகுந்த கித்தாரும் வீணையுமே ஆகும். கருவி தமிழ்க் கருவி. கையோ வேற்றுக் கை. ஒரு தலைமுறை இவ்வாறே கேட்டுப் பழகிவிட்டால், இதுதான் யாழிசை என்று அடுத்த தலைமுறை ஆணையிட்டுச் சொல்லும். பின்னர் மெய்யான கைம்முறையைக் கண்டெடுத்துக் கொடுத்தாலும், அது யாழில்லை என்று தள்ளப்படும்.

இது வீண் அச்சமன்று. இவ்வாறே ஒரு நாட்டில் நிகழ்ந்தும் உள்ளது. அந்நாடு அயர்லாந்து.

அயர்லாந்தின் அரசுப் பொறியே யாழினக் கருவிதான். 1922இல் தன்னரசு பெற்ற அந்நாடு அதனைத் தன் பொறியாக ஏற்றது. 1928 தொட்டு அதன் காசுகளிலும் அவ்வுருவே பொறிக்கப்பட்டு வருகின்றது. அப்பழங்கருவிக்குக் கட்டப்பட்டது பித்தளைக் கம்பி. அதனைத் தெறித்தது நீள வளர்த்த விரல் உகிர். பித்தளைக் கம்பி நெடுநேரம் நின்று ஒலிக்கும். ஆகலின், ஒரு நரம்பைத் தெறிக்கும்போதே முன்னர் ஒலித்த நரம்பை விரலால் அடக்குவதும் அந்தக் கைம்முறையின் பாதியாகும். அடக்காவிடின் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலங்கிப் போகும். கம்பியும் உகிரும் அடக்குதலும் ஆகிய மூன்றும் பிரிக்க இயலாதவாறு ஒன்றாய் இருந்தன.

17ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுக் குடித்தலைவர்தம் ஆட்சியை ஆங்கிலேயர் சாய்த்தபின், யாழ்ப்புலவரைப் புரப்பார் அருகினர். புரவலரை இழந்த பாணர் நிலை எங்கும் ஒன்றே. 1792ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அழியும் இசையைக் காக்க வேண்டுமென்று பெல்பாசுட்டு நகரில் யாழ்ப்புலவர் கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. வந்தோர் அயர்லாந்தார் பதின்மர், வேல்சு நாட்டார் ஒருவர். அவர்களுள் தொண்ணூறு அகவை கடந்த தெனிசு ஏம்ப்சன் என்பார் ஒருவரே பழைய முறைப்படி உகிரால் இசைத்தார். அங்கு இசை எழுத அமர்த்தப்பட்டவர் எட்வர்டு பன்டிங் என்னும் 19 அகவை இளைஞர்.

அவர் எழுதினார். ஆனால் எதனை எழுதினார்? பாடல்களின் மெட்டை எழுதினார். 1796இல் அவற்றை அச்சிட்டபோது பியானோவிற்கு ஏற்றவாறு அமைத்து வெளியிட்டார். முதியவரின் விரல் எந்தக் கம்பியை எவ்வாறு தொட்டது, எதனை எப்பொழுது அடக்கிற்று என்னும் செய்தி அந்நூலில் இடம்பெறவில்லை. 1809இல் இரண்டாம் தொகுப்பு வந்தது. 1840இல் வந்த மூன்றாம் தொகுப்பிலேதான், கைத்தொழில்களுக்கு யாழ்ப்புலவர் வழங்கிய அயரிய மொழிப் பெயர்களையும் அவற்றின் விளக்கங்களையும் அவர் அச்சிட்டார். அப்பொழுது கூட்டம் நடந்து 48 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஏம்ப்சன் 1807இலேயே மறைந்துவிட்டார்.

இதற்கிடையில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, டப்ளின் நகரில் யோன் ஈகன் என்னும் கைவினைஞர் பழைய யாழின் வளைவை நினைவூட்டும் சிறு யாழ்களைச் செய்து விற்றார். கட்டியது பித்தளைக் கம்பியன்று, குடல்நரம்பு. தெறித்தது உகிரன்று, விரல்நுனிச் சதை. வடிவைக் கண்டு மக்கள் தங்கள் பழங்கருவி மீண்டதென்றே கருதினர். பித்தளைக் கம்பியையும் உகிரையும் ஒலியடக்கும் விரலையும் ஒன்றாக மீட்கும் முயற்சி வலுப்பெற்றது 1970களில்தான். காசில் யாழ் இருந்தது. பொறியில் யாழ் இருந்தது. கையில் மட்டும் ஒன்றரை நூற்றாண்டு யாழ் இல்லை!

கண்முன்னே பழைய கையை உடையவர் உயிரோடிருந்தும் அவர்கள் அதனை இழந்தனர். தமிழர்க்கோ உயிருள்ள கை ஒன்றும் எஞ்சவில்லை. பாணர் மரபு அற்றது, யாழ் ஒழிந்தது, 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் 24 மெட்டோடு நிலைபெற்ற வீணை அரங்கை நிறைத்தது. அங்ஙனமாயின் தமிழர் கைவிட வேண்டியதுதானா? இல்லை. அயர்லாந்தார் காலந்தாழ்ந்து தொகுத்ததைத் தமிழ் முன்னோர் காலத்திலேயே தொகுத்துவிட்டனர். கையை இழந்த தமிழர், கைத்தொழிலின் சொல்லை இழக்கவில்லை.

கரிகாலனைப் பாடிய முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில் வாருதல், வடித்தல், உந்துதல், உறழ்தல் என்னும் நான்கு விரற்றொழில்களும் வரிசைப்படவே வருகின்றன. அதன்பின் எழுந்த சிலப்பதிகாரத்தின் கானல்வரி, அந்நான்கையும் அதே வரிசையில் வைத்து, உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என்னும் நான்கைக் கூட்டி, இசைக்கரணம் எட்டு என்று தொகுத்துரைக்கின்றது. அதற்கு முன்னரே பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு எனக் கலைத்தொழில் எட்டையும் அது எண்ணிக் காட்டுகின்றது. இருவேறு காலத்துப் பாவலர் இருவர் ஒரே வரிசையில் ஒரே சொற்களை ஆள்கின்றனர் என்றால், அவை பாட்டின் அணிக்காகப் புனைந்த சொற்களல்ல. ஆசான் மாணவனுக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சிச் சொற்கள் என்பது வெளிப்படை.

அச்சொற்கள் சுட்டும் தொழில் யாது? சிலப்பதிகாரத்தின் பழையவுரை சொல்கின்றது. வார்தல் சுட்டுவிரலின் தொழில். வடித்தல் என்பது சுட்டுவிரலையும் பெருவிரலையும் கூட்டி நரம்பை அகமும் புறமுமாக ஆராய்தல். உந்தல் என்பது நரம்புகளை உந்தி வலிவும் மெலிவும், நிரலே ஏறலும் இறங்கலும் காணல். உறழ்தல் என்பது ஒரு நரம்பை இடையிட்டும் இரு நரம்பை இடையிட்டும் தெறித்துப் பார்த்தல். உருட்டலோ நால்வகை: இடக்கைச் சுட்டுவிரல் தனியே உருட்டல், வலக்கைச் சுட்டுவிரல் தனியே உருட்டல், சுட்டுவிரலோடு பெருவிரலைக் கூட்டி உருட்டல், இரு பெருவிரலும் இயைந்து ஒருங்கே உருட்டல்.

உருட்டலுக்கு உரை கூறும் இவ்விளக்கத்தை யாழ் பயில்வோர் ஒவ்வொருவரும் நூறு முறை படிக்க வேண்டும். இடக்கையும் உருட்டுகின்றது, வலக்கையும் உருட்டுகின்றது, இரண்டு பெருவிரலும் உடன் உருட்டுகின்றன! வீணையில் இஃது இல்லை. அங்கே இடக்கை மெட்டின்மேல் நரம்பை அழுத்திச் சுரம் பிறப்பிக்கும்; வலக்கை தெறிக்கும். கித்தாரிலும் அவ்வாறே. ஒரு நரம்பு பல சுரம் தரும் கருவியில் இரு கைக்கும் தனித்தனி வேலை. யாழில் ஒரு சுரத்திற்கு ஒரு நரம்பு. ஆகலின் இரு கையும் தெறிக்கலாம். ஒரு கை மேலே செல்ல மற்றொரு கை கீழே நிற்கலாம். ஒன்றுக்கொன்று விடை கூறலாம். இரு கை இசையே யாழின் தனிச்சிறப்பு. அதனை மறந்து ஒரு கையால் மட்டும் யாழை இசைப்பவன், இரு கால் இருந்தும் ஒரு காலால் நடப்பவனே ஆவான்.

இருக்கையும் பிடியுங்கூடச் சொல்லப்பட்டுள்ளன. சிறுபாணாற்றுப்படை காட்டும் பாணன் சீறியாழை இடப்பக்கத்தில் தழுவிக்கொள்கின்றான். வேனிற்காதையில் மாதவி, இருக்கை ஒன்பதனுள் முதலாவதில் அமர்கின்றாள்; வலக்கையைப் பதாகை என்னும் கைந்நிலையாக்கிக் கோட்டொடு சேர்க்கின்றாள்; இடக்கை நால்விரலால் நரம்பை வீக்கும் மாடகத்தைத் தழுவுகின்றாள். பதாகையாவது பெருவிரலை மடக்கி ஏனைய நான்கையும் ஒட்ட நிமிர்த்தல். இத்துணை நுணுக்கமாகக் கையின் நிலையைப் பாட்டிற் பொதிந்துவைத்த மொழியில், யாழை எப்படிப் பிடிப்பது என்று மேலைநாட்டுப் படத்தைப் பார்த்துப் பழகுவது எவ்வளவு பெரிய நாணக்கேடு!

அவள் நீக்க அறிந்த குற்றங்கள் நான்கும் அங்கேயே உள்ளன: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. பண்ணோடு பொருந்தா இன்பமில் ஓசை செம்பகை. அளவிறந்து ஒலித்தல் ஆர்ப்பு. தன் ஓசை மழுங்குதல் கூடம். சிதறி ஒலித்தல் அதிர்வு. இவற்றுள் ஆர்ப்பை ஊன்றி நோக்குக. அளவு கடந்து ஒலிப்பதைக் குற்றமென்று பெயரிட்டு ஒதுக்கிய மரபில், ஒலித்த நரம்பை உரிய நேரத்தில் அடக்கும் விரலும் இருந்திருக்க வேண்டும் என்று உய்த்துணர இடமுண்டு. இன்று எஃகுக் கம்பி கட்டி, ஒலிபெருக்கியும் சேர்த்து, நரம்பனைத்தையும் முழங்கவிட்டு அதனையே யாழின் இனிமை என்று கொண்டாடுவோர், முன்னோர் குற்றமென்று நீக்கியதையே குணமென்று ஏற்றிவைக்கின்றனர்.

நரம்பு என்னும் சொல்லையும் எண்ணுக. கம்பி என்று அவர்கள் சொல்லவில்லை, நரம்பு என்றனர். சிறுபாணாற்றுப்படை அது முறுக்கடங்கியது என்கின்றது. சீவகசிந்தாமணியிலோ, காந்தருவதத்தையோடு இசைப்போர் புரியப் புகும் சீவகன், கொடுக்கப்பட்ட யாழ்களை ஆராய்ந்து, நீரில் நின்று அழுகிய மரம், இடியுண்ட மரம் என்று குற்றங்கூறித் தள்ளுகின்றான். நரம்பைப் புரிவிரித்து உள்ளேயிருந்த மயிரையும் காட்டுகின்றான். உயிரின் உடலிலிருந்து எடுத்து முறுக்கிய நரம்பே அக்காலத்தார் அறிந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? முறுக்கு நரம்பின் இழுவிசையும் எஃகின் இழுவிசையும் ஒன்றல்ல; அதைத் தொடும் விரலின் அழுத்தமும் ஒன்றல்ல. நரம்பை மாற்றினால் கையும் மாறியே தீரும். அயர்லாந்தின் கதை கற்பிப்பதும் இதுவே.

யாழில் எல்லா இசையும் வரவேண்டும் என்று வற்புறுத்துவதும் பிழை. 7ஆம் நூற்றாண்டில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் அடங்காத பாட்டொன்றைத் திருத்தருமபுரத்தில் ஞானசம்பந்தர் பாட, யாழை உடைக்க ஓங்கினார் பாணர் என்றும், கருவிக்கு இயன்ற அளவில் இசைக்குமாறு சம்பந்தர் தடுத்தார் என்றும் பெரியபுராணம் கூறும். யாழ்முரி என்னும் பெயரே அந்நிகழ்ச்சியால் வந்தது. மிடற்றின் குழைவனைத்தும் திறந்த நரம்பில் வாரா என்பதை அக்காலத்தாரே அறிந்திருந்தனர் என்பதற்கு இக்கதை சான்று. வீணையின் குழைவை யாழிடம் கேட்பவன், மீண்டும் ஒரு முறை யாழை முரிக்கவே கேட்கின்றான். யாழுக்கு உரிய செல்வம் வேறு: நரம்பை மாற்றிக் கட்டாமலே குரலை வேறு நரம்பிற்கு மாற்றிச் செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழ்பெரும் பாலையையும் பிறப்பிக்கும் வளம் அது. அதனைக் காட்டும் கையே யாழ்க் கை.

உயிரோடிருக்கும் உறவுக் கருவியையும் பார்க்க வேண்டும். பருமாவில், இன்றைய மியன்மாவில், சாங் என்னும் வில்வடிவ யாழ் இன்றும் இசைக்கப்படுகின்றது. தோல் போர்த்த பத்தர், வளைந்த கோடு, 16 நரம்பு; முன்னர்ப் பட்டு நரம்பு, இன்று பெரும்பாலும் நைலான். நிலத்தில் அமர்ந்து பத்தரை மடியில் வைத்து, கோடு இடப்புறம் எழ, வலக்கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தெறிக்கின்றனர். இடக்கைப் பெருவிரலால் நரம்பை அழுத்தி ஒலியை உயர்த்துகின்றனர். வடித்தலுக்குச் சொல்லப்பட்ட அதே இரு விரல்கள் அங்கே இன்றும் தொழில் செய்கின்றன! ஆயினும் அங்கே இடக்கை தெறிப்பதில்லை. தமிழுரையிலோ இடக்கையும் உருட்டுகின்றது. ஆகலின் அதனைப் பார்த்துக் கற்க வேண்டுமேயன்றி அப்படியே எடுத்துப் பூசிக்கொள்ளலாகாது. உறவினன் வீட்டு விளக்கில் திரி பற்றவைக்கலாம். விளக்கு தன் வீட்டு விளக்காகவே இருக்க வேண்டும்.

இப்பணியில் அடிப்படை இடப்பட்டே உள்ளது. சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும் உ. வே. சாமிநாதரால் அச்சேறின. 1917இல் ஆபிரகாம் பண்டிதரின் இசைப்பெருநூல் வெளிவந்தது. ஈழத்துக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், ஆண்டுகள் பல உழைத்து ஆக்கிய யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் துணையால் 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார். அந்நூலின் இயல்கள் ஏழு. யாழின் உறுப்புக்கு ஓர் இயல் உண்டு, இசை நரம்புக்கு உண்டு, பாலைத் திரிபுக்கு உண்டு, பண்ணுக்கு உண்டு, தேவாரத்திற்கு உண்டு. கைத்தொழிலுக்கென்று தனியியல் இல்லை. அந்த எட்டாம் இயலை எழுதும் கடன் பின்வந்தோர்மேல் நிற்கின்றது. அதனை எழுதுகோலால் மட்டும் எழுத இயலாது. விரலாலும் எழுத வேண்டும்.

அதற்குச் செய்ய வேண்டுவன மலையைப் பெயர்க்கும் செயல்களல்ல. யாழ் செய்வோனும், இசைப்போனும், நூலறிந்த புலவனும் ஒரே பாயில் அமர்க. முறுக்கு நரம்பும் பட்டு நரம்பும் கட்டிய யாழ் ஒன்றேனும் ஒவ்வோர் இசைக்கல்லூரியிலும் இருக்க. மாணவனுக்கு முதல் நாளிலேயே வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என்று தமிழ்ப் பெயர் சொல்லி விரலைப் பழக்குக. உருட்டல் நான்கையும் இரு கையாலும் செய்து பார்க்க. உரை இறுகிக் கிடக்கும் தெருட்டலையும் அள்ளலையும் பட்டடையையும் நரம்பின்மேல் வைத்து ஆய்க. ஏட்டில் விளங்காதது விரலில் விளங்குதல் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, நூற்சான்று எது, உய்த்துணர்வு எது, இக்காலப் புதுமை எது என்பதைப் பிரித்துச் சொல்லும் நேர்மை வேண்டும். புதுமை செய்யற்க என்று எவரும் தடுக்கவில்லை. புதுமையைப் பழமை என்று பெயரிட்டு விற்றலே தவறு.

இச்சொற்களை வேற்றுமொழிப் பெயரால் மாற்றிவிட்டாலும் என்ன கேடு என்று கேட்பார் உளர். கேடு இதுதான்: வடித்தல் என்ற சொல்லில் இரண்டு விரலும், அகமும் புறமும் அடங்கியுள்ளன. அச்சொல்லை எறிந்துவிட்டு மீட்டுதல் என்றோ தட்டுதல் என்றோ பொதுச்சொல்லால் குறித்தால், அந்த இரண்டு விரலும் அந்த அகமும் புறமும் சேர்ந்தே எறியப்படும். சொல் என்பது ஒலி மட்டுமன்று. ஒரு செயலை ஆயிரமாண்டு கெடாமல் காத்துத் தரும் பேழை. பாணன் கை மண்ணாயிற்று. அவன் யாழ் செல்லரித்தது. அவன் விரல் செய்த தொழிலை எட்டுச் சொற்கள் இன்றுவரை சுமந்து வந்துள்ளன. தனித்தமிழ் வேண்டுமென்பது அகராதிக்காக எழுந்த பிடிவாதம் என்று எண்ணுவோர் இந்த எட்டுச் சொற்களை எண்ணிப் பார்க்க.

அயர்லாந்தார் கையை முதலில் இழந்து, சொல்லைப் பின்னர் நூலில் தேடி, மீண்டும் கையைப் பெற்றனர். அவர்களால் இயன்றது தமிழரால் இயலாதா? அவர்களிடம் இருந்த சொற்றொகுதி 1840இல் அச்சானது. தமிழரிடம் உள்ளது கரிகாலன் காலத்தில் தொடங்குவது. பேழை கையில் உள்ளது. திறவுகோலும் கையில் உள்ளது. திறக்கும் விரல்தான் வேண்டும்.

மரம் மீண்டது, நரம்பு மீண்டது. இனி மீள வேண்டியது கை. அது மீளும் நாளே யாழ் மீண்ட நாள் என்று தமிழன் எழுதி வைத்துக்கொள்க!